ஆறு திருகாணிகள்

மடிக்கணினியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுகிறவர்கள் முதலில் அதன் மூடியைத் திறந்து திரையின் ஒளியையும் விசைகளின் மென்மையையும் சோதிப்பதே உலக வழக்கமாயிருக்க, ஒன்பது வாரங்களுக்கு முன் ரிச்சி தெருவின் மாடிக் கடை ஒன்றில் திங்க்பேட் டி480 என்னும் இந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கியவுடன் நான் செய்த முதற்காரியம், அதைக் குப்புறக் கவிழ்த்து, அடிப்பலகையில் எத்தனை திருகாணிகள் இருக்கின்றன என்று எண்ணியதுதான். ஆறு இருந்தன. ஆறும் கடைக்காரர்கள் 'ஸ்டார்' என்று சொல்லும் சாதாரணக் கூட்டற்குறித் தலை உடையவை. வீட்டில் தையல் மிஷின் டிராயரில் கிடக்கும் திருப்புளியே போதும். அன்றியும், தளர்த்தியவுடன் கழன்று விழுந்து கட்டிலுக்கடியில் ஓடி ஒளியாமல், பலகையோடேயே தொற்றிக்கொண்டு நிற்கும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். கடைக்காரத் தம்பி, நான் எண்ணி முடிக்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, "சார், ஆன் பண்ணிப் பார்க்கவே இல்லையே?" என்றார்.

"அது அப்புறம்" என்றேன்.

யந்திரத்தின் லக்ஷணங்களை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2018இல் வெளிவந்து, அலுவலகங்களில் சில வருஷம் ஊழியம் செய்துவிட்டு, கும்பல் கும்பலாக இரண்டாம் கைச் சந்தைக்கு வந்து சேர்ந்த ஜாதி இது. இதன் குணதோஷங்களை அறிந்தவர்கள் அநேகர். என்னுடையது 16 ஜி.பி. நினைவகமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கூடிய பிரதி, விலை ரூ.19,500, உறை இலவசம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவசப் பராமரிப்பு நின்றுபோக, அதன் பின்வந்த பதிப்போ இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறபடியால், அந்த எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த இந்த யந்திரம் பந்தியின் கடைசி இலையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அம்மட்டில் போதும்.

திருகாணியில் எனக்கு இத்தனை சிரத்தை ஏற்பட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்து ஜீவிப்பவன். என் மேசைக்கணினியின் ஹார்ட் டிஸ்க், எட்டு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்த பிறகு, சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, நான் ஒரு நாவலின் பதினான்காம் அத்தியாயத்தைத் திறந்த சமயம், பல்லியைப்போல் 'டிக்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சற்று நின்று, பிறகு ஒன்றும் நடவாததுபோல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து வைத்தது. பல்லி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கின் சொல்லுக்குப் போடவில்லை. மறுநாள் அது இரண்டு முறை சொல்லிற்று. நான்காம் நாள் காபி ஆறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தின் தாத்பரியம் பின்னால்தான் எனக்கு விளங்கிற்று. பெட்டிக்குள்ளே கண்ணாடிபோல் மெருகேற்றிய தட்டு விநாடிக்கு 120 முறை சுழல, அதன் மேல், தலைமயிரின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், எழுத்துகளைப் படிக்கும் சிறுதலை தொடாமல் மிதந்து செல்கிறது. தட்டில் பதிந்திருக்கும் வழிக்குறிகளைக் கொண்டே அது தன் இடத்தை அறிகிறது. தலை நலிந்தோ தட்டு தேய்ந்தோ அந்தக் குறிகள் கண்ணுக்குப் படாமற்போனால், வழி தவறிய பிரயாணி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி நடக்கத் தொடங்குவதுபோல, தலையைத் தாங்கிய கை ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு மீண்டும் முயல்கிறது. அந்த முட்டல்தான் 'டிக்'. இது தவிர, கெட்டுப்போன கட்டங்கள் எத்தனை, அவற்றில் மாற்றிடம் கொடுத்தவை எத்தனை, இன்னும் சந்தேகத்தில் நிற்பவை எத்தனை என்று டிஸ்க் தன் வியாதியைத் தானே கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை.

நான் செய்த மூடத்தனங்கள் இத்துடன் நில்லா. யந்திரத்தை நான்கைந்து முறை அணைத்து அணைத்து ஏற்றினேன். அது தானாக முன்வந்து 'டிஸ்க்கைப் பரிசோதித்துச் செப்பனிடுகிறேன்' என்றபோது, 'செய்' என்று விட்டுவிட்டேன். மூச்சுத் திணறுகிறவனை மலையேறச் சொல்வதற்கு அது சமானம் என்பது அப்போது தெரியாது. எதிர்வீட்டு நண்பர் அதை ஒரு நாள் பிரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார். உறைந்ததை வெளியே எடுத்தால் உள்ளே நீர் வியர்க்குமே என்று என் மகள் கேட்டிராவிட்டால், அதையும் செய்திருப்பேன்.

டிஸ்க்கில் புகைப்படங்கள் இருந்தன, கணக்குகள் இருந்தன, வெளிவந்துவிட்ட புஸ்தகங்களின் மெய்ப்புகள் இருந்தன. அவையெல்லாம் போனாலும் எங்காவது ஒரு பிரதி அகப்படும். வேறெங்கும் இல்லாதது ஒன்றே. 'ஐயப்பாடு' என்று பெயரிட்ட ஒரு கோப்பில், எந்தச் சொல்லில் எந்த எழுத்து வரும் என்று எனக்குச் சந்தேகம் எழுந்த போதெல்லாம் அகராதிகளையும் பெரியவர்களையும் விசாரித்து, கண்ட முடிவையும் அதற்குரிய நியாயத்தையும் அகர வரிசையில் எழுதி வந்திருந்தேன். ஏறத்தாழ 1,400 பதிவுகள். முடிவு எவருக்கும் கிடைக்கும். நியாயம் எனக்கு மட்டும் உரியது. அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தேன், அதே டிஸ்க்கில், வேறொரு மடிப்பில்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவன் மவுண்ட் ரோடு மூலையிலேயே தன் கௌரவத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கேபிள் சுருள்களுக்கும், டீ டம்ளர்களுக்கும், தோளிலே மானிட்டரைச் சுமந்து வருகிறவர்களுக்கும் வழிவிட்டு வழிவிட்டு, நான் என் மேசைக்கணினியின் பெட்டியைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு மூன்று மாடிகள் ஏறினேன். அங்கிருந்த இளைஞர், பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு கேபிள்களை உருவி, நான்கு திருகாணிகளைத் தளர்த்தி, டிஸ்க்கை வெளியே எடுத்துத் தம் காதில் வைத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிஷத்துக்கு மேலிராது. தேர்ந்த வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஹெட் இன்னும் முழுசாப் போகலை சார். ஆனா போயிட்டே இருக்கு."

அது முற்றும் போயிருந்தால், தூசியற்ற அறையில் வைத்துத் திறந்து, அதே இனத்து வேறொரு டிஸ்க்கின் தலையைப் பொருத்த வேண்டும். அந்தச் சிகிச்சைக்கு என் பல மாதத் திருத்துக்கூலி ஈடாகாது. அவர் செய்ததோ எளிய காரியம்: டிஸ்க்கைத் தம்முடைய லினக்ஸ் யந்திரத்தில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்னும் கருவியை ஏவிவிட்டார். அக்கருவியின் விவேகம் என்னவென்றால், கெட்ட இடத்தில் மல்லுக்கு நிற்காது. படிக்கக் கூடியதையெல்லாம் முதலில் படித்து நகலெடுத்துவிட்டு, எங்கெங்கே தாண்டி வந்தோம் என்று ஒரு வரைபடம் எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் அந்த மேடுபள்ளங்களுக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்கும். சாகிறவனிடம் முதலில் எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியும். நான்கு பகலும் நான்கு இரவும் ஓடிற்று. ஐந்தாம் நாள் டிஸ்க் மூச்சை விட்டது. அதற்குள் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது.

வந்ததென்னவோ வந்தது, பெயர்களின்றி வந்தது. எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை கெட்டுப் போயிருந்தபடியால், கோப்புகளின் தலையெழுத்தைக் கொண்டே அவற்றை இனம் பிரித்தெடுக்க நேர்ந்தது. முப்பதினாயிரத்துச் சொச்சம் கோப்புகள், சிறைக் கைதிகளைப்போல் வெறும் எண்களைத் தாங்கி வரிசையில் நின்றன. அவற்றில் என் 'ஐயப்பாடு' எது? அதை நான் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் எழுதத் தொடங்கி அப்படியே தொடர்ந்து வந்தவன். பாமினியில் தமிழ் என்பது ஒரு வேஷம். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் வேஷம் கலைந்து, உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் தெரியும். 'அம்மா' என்று எழுதியிருந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். நான்கு இரவுகள் அந்த அலங்கோலத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு சூக்ஷ்மம் கண்டுபிடித்தேன்: பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையே உரியது, தமிழிலோ புள்ளியில்லாத வரி ஏது? ஆகவே எந்தக் கோப்பில் அரைப்புள்ளிகள் தூறல்போல் விழுந்து கிடக்கின்றனவோ அது தமிழ், மற்றவை அந்நியம். அப்படித் தேடி, பதினொன்றாம் நாள் என் கோப்பைக் கண்டுபிடித்து, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். அதில் ஒரு பொத்தல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இத்தனை பாடும் பட்டு நான் கற்றது, அந்த இளைஞர் இரண்டு நிமிஷத்தில் செய்த காரியத்தின் அருமை. யந்திரம் கெட்டால் டிஸ்க்கை உருவி வேறொன்றில் மாட்டலாம். டிஸ்க் கெட்டால் அதை உருவி வைத்தியரிடம் காட்டலாம். உருவ முடிந்தது என்ற ஒரே காரணத்தால் என் கோப்பு பிழைத்தது. ஆதலால் புது யந்திரம் தேடிப் புறப்பட்டபோது, அதன் வேகம், எடை, அழகு எதையும் நான் விசாரிக்கவில்லை. "இதன் டிஸ்க்கைக் கழற்ற முடியுமா?" என்ற ஒரே கேள்வியோடு பெரிய கடைகளுக்குப் போனேன்.

ஒரு குளிர்சாதனக் கடையில், வெள்ளிக் காகிதம்போல் மெலிந்த ஒரு மடிக்கணினியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிய விற்பனைப் பையனிடம் இதைக் கேட்டேன். நான் பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டதுபோல் அவர் முகம் மாறிற்று. "எதுக்கு சார் கழற்றணும்? எல்லாம் கிளவுட்ல இருக்கும்" என்றார். இன்னொரு கடையில், நினைவகம், சேமிப்பகம் இரண்டையும் பலகையிலேயே பற்றவைத்துவிட்ட யந்திரம் ஒன்றைக் காட்டி, அதனால்தான் அது இவ்வளவு மெல்லிது என்று பெருமையாகச் சொன்னார்கள். மெல்லிதாயிருப்பதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை. மேசையின் மேல் வைத்து அச்சுப்பிழை பார்க்கிறவனுக்கு அரை அங்குலம் குறைவதால் ஆகப்போகிற லாபம் என்ன என்பதே என் சந்தேகம். பலகையின் ஒரு மூலையில் மின்சாரம் பழுதானால், என் எழுத்துகள் அத்தனையும் உயிரோடு இருந்தும் எடுக்க வழியில்லாமல் அந்தத் தகட்டுக்குள்ளேயே சமாதியாகிவிடும். இப்படி ஐந்து கடைகள் ஏறி இறங்கி, கடைசியில் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்த இளைஞரிடமே திரும்பினேன். அவர் தாம் உபயோகிப்பதைக் காட்டி, "இது மாதிரி வாங்கிக்குங்க சார், அசிங்கமா இருக்கும், ஆனா எல்லாம் கழலும்" என்றார். விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த வாசகத்தை நான் கேட்டதில்லை.

உண்மையில் அசிங்கமாயில்லை. ரிச்சர்ட் ஸாப்பர் என்ற வடிவமைப்பாளர், ஜப்பானியரின் சதுரச் சாப்பாட்டுப் பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் குலத்துக்கு உருவம் கொடுத்தார் என்பார்கள். வெளியே அலங்காரமின்றி, திறந்தால் உள்ளே ஒவ்வொன்றும் தன் தன் அறையில் ஒழுங்காக இருக்கும் பெட்டி. 1992இல் முதல் திங்க்பேட் பிறந்தது முதல் கறுப்பு நிறத்தையும் நடுவில் ஒரு சிவப்புக் குமிழையும் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கிறார்கள். வாங்கிய வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த ஆறு திருகாணிகளையும் தளர்த்தினேன். அதற்கு முன் பயாஸுக்குள் சென்று உள்மின்கலத்தை உறங்க வைக்கும் கட்டளை ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒரு யந்திரம் தன்னைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சங்கற்பத்தைத் தானே சொல்லிக் கொடுப்பது எவ்வளவு மரியாதை! விளிம்பில் நகம் கொடுத்து நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுகின்றன, முதல் முறை ஏதோ உடைந்ததென்று திகில் பிடிக்கும், உடையவில்லை. உள்ளே நினைவகத்துக்கு இரண்டு துவாரங்கள், இரண்டும் மாற்றக்கூடியவை. மூலையில் ஒரு தகரக் கூட்டில் எஸ்.எஸ்.டி. அதைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. ஒரு சீட்டுக்கட்டை விட மெல்லிய அந்தப் பொருளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என் மகளின் யந்திரத்தில் யூஎஸ்பி கேபிள் வழியாக மாட்டி, படிக்கிறதா என்று பார்த்தேன்.

படிக்கவில்லை.

பூட்டியிருந்தது! இங்கேதான் இக்காலத்தின் மாயம் இருக்கிறது. கழற்றக்கூடிய டிஸ்க்கைக் கொடுத்த கை ஒன்று. அதன் எழுத்துகளைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்ட கை வேறொன்று. உரியவன் ஒரு கணக்கைத் திறந்து உள்நுழைந்த மாத்திரத்தில் இயங்குதளமே டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடுவது இப்போது பல யந்திரங்களில் நடக்கிறது. திருடனிடமிருந்து காப்பாற்ற அது நல்ல ஏற்பாடே. ஆனால் என்னிடமிருந்தும் காப்பாற்றிவிடக் கூடாதல்லவா? அதன் திறவுகோல் 48 இலக்கங்கள். அவற்றைத் தேடிப்பிடித்து, கேஸ் சிலிண்டர் பதிவு எண்ணும் ரேஷன் கார்டு எண்ணும் எழுதியிருக்கும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், ஆறு ஆறாகப் பிரித்து, மெய்ப்புத் திருத்துகிற கவனத்தோடு மூன்று முறை ஒப்புநோக்கி எழுதி வைத்தேன். பிறகு மகளின் யந்திரத்தில் அவற்றைத் தட்டியதும் கதவு திறந்தது. ஏதேனும் ஒரு மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், அதன் விலையை விசாரிப்பதற்கு முன், இந்த 48 இலக்கங்கள் எங்கே இருக்கும் என்பதை விசாரித்துக்கொள்வார்களாக.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி எனக்குள்ள ஓர் அச்சத்தையும் மறைப்பதற்கில்லை. அதில் சுழலும் தட்டு இல்லை, மிதக்கும் தலை இல்லை. நுண்ணிய சிறைகளில் மின்னணுக்களை அடைத்து வைத்து, அவை இருப்பதும் இல்லாததுமே எழுத்தாகிறது. வேகம் அபாரம், பழைய யந்திரம் விழித்தெழுவதற்குள் நான் ஒரு தோசை சாப்பிட்டுவிடுவேன், இது தோசைக்குச் சட்டினி போடுவதற்குள் எழுந்துவிடுகிறது. ஆனால் நோய் கண்டால் அது முனகுவதில்லை. இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "ஆமா சார், இது போனா சத்தமே போடாது. ஒரு நாள் காலையில இருக்காது, அவ்வளவுதான்" என்றார். அழித்த கோப்பைத் திரும்பத் தேடுவதும் இதில் அநேகமாக வீண். காலியான இடத்தை ஓய்வு நேரத்தில் தானே துடைத்து வைத்துவிடுகிற சுத்தக்காரி. ஆகையால் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெளி டிஸ்க்கில், அதுவும் பழையபடி சுழன்று முனகுகிற டிஸ்க்கில், நகல் எடுக்கிறேன். பல்லி சொல்லுகிற வீட்டில் இருந்து பழகியவனுக்கு மௌனமான வீடு உறக்கம் கெடுக்கிறது.

இந்தக் குலத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு பூர்வ பந்தம் உண்டென்பது பின்னால்தான் எனக்கு நினைவு வந்தது. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956இல் ராமாக் என்ற யந்திரத்தோடு சேர்த்து வெளியிட்டது ஐபிஎம். இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இட்லிக் கொப்பரைபோல் நிறுத்தியிருந்த அந்தப் பூதம் ஏந்தியது ஐம்பது லட்சம் எழுத்துகளே. என் நாவலாசிரியர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நிரப்பிவிடுவார்கள். திங்க்பேடைப் பெற்றதும் அதே தாய். பிற்காலத்தில் டிஸ்க் வியாபாரத்தை ஹிட்டாச்சிக்கும், 2005இல் கணினி வியாபாரத்தை லெனோவோவுக்கும் தத்துக் கொடுத்துவிட்டாள். இதற்கு அடுத்து வந்த டி490இல் நினைவகத்தின் ஒரு பாதி பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டது. வெளியே கழற்றக்கூடிய மின்கலமும் போய்விட்டது. அதனால்தான் இந்த டி480ஐ, கூட்டுக் குடும்பத்தின் கடைசிப் பாட்டியைப்போல், ரிச்சி தெருவில் மரியாதையோடு பேசுகிறார்கள்.

மின்கலம் என்றேன். இதற்கு இரண்டு மின்கலங்கள்: ஒன்று உள்ளே, ஒன்று பின்புறம் வெளியே. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி மின்கலத்தைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். அதற்குள் உள்மின்கலம் தாங்கிக்கொள்ளும். மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில், அவசியம் ஏதுமின்றி, வந்திருந்த விருந்தாளி பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை நான் இரண்டு முறை செய்து காட்டினேன்.

சிவப்புக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. விசைப்பலகையின் நடுவில், தமிழ்99 முறைப்படி எகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே, ஙகரத்தின் தலைமேல் அது உட்கார்ந்திருக்கிறது. விரலால் லேசாகத் தள்ளினால் திரையிலே சுட்டி நகரும். முதல் வாரம் அதை ஒரு கொப்புளமாகக் கருதி வெறுத்தேன். நான்காம் வாரம், மெய்ப்பில் ஓர் ஒற்று மிகும் இடத்தைப் பிடித்துத் திருத்தும்போது கை விசைகளைவிட்டு எழவேயில்லை என்பதைக் கவனித்தேன். இப்போது மகளின் யந்திரத்தில் தட்டும்போதும் என் ஆள்காட்டி விரல் இல்லாத குமிழைத் தேடுகிறது.

இடப்பக்கக் கீழ்மூலையில் கன்ட்ரோல் விசை இருக்கும் என்று முப்பது வருஷமாக நம்பிவந்த என் சுண்டுவிரல்தான் இந்த வீட்டில் மிகவும் அவதிப்பட்டது. இந்தக் குலத்தில் அந்த மூலை எஃப்.என். விசைக்கு உரியது, கன்ட்ரோல் அடுத்த வீட்டுக்காரன். சேமிப்பதாக எண்ணி நான் அழுத்திய ஒவ்வொரு முறையும் ஒன்றும் சேமிக்கப்படாமல் இருந்தது என்பதை மூன்றாம் நாள் உணர்ந்தேன். ஒரு டிஸ்க்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனுக்கு இது எப்படிப்பட்ட பரிகாசம் என்று யோசித்துப் பாருங்கள். பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாற்றிக்கொண்டேன். விசையின் மேல் அச்சிட்டிருப்பது மட்டும் இன்னும் பழைய பெயரே. பிழையென்று தெரிந்தும் திருத்த முடியாத ஓர் அச்சுப்பிழையோடு தினமும் குடித்தனம் செய்கிறேன். திரையின் வலது ஓரத்தில் ஒரு மங்கல் புள்ளி உண்டு. ஏழு வருஷம் எந்த அலுவலகத்தில் யார் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்களோ. வெளிச்சமும் வயதுக்குத் தக்கதே. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எழுத்து வெளிறுகிறது, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் தெரு வெளிறுகிறது.

இறந்த டிஸ்க்கை இளைஞர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதையும் திறந்து பார்த்தேன். அதன் திருகாணிகள் ஆறு முனை நட்சத்திரம், அதற்கென்றே தனித் திருப்புளி வாங்க வேண்டியதாயிற்று. கண்ணாடிபோன்ற தட்டில், மையத்துக்குச் சற்று வெளியே, மயிரிழைபோல் ஒரு வட்டக் கீறல். அவ்வளவுதான். கையை ஆட்டும் இரண்டு வலிய காந்தங்களில் ஒன்றை எடுத்து இரும்பு பீரோவின் கதவில் ஒட்டினேன். இருபது பக்க மெய்ப்பைச் சளைக்காமல் பிடித்துக்கொள்கிறது.

பொத்தலைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அந்தக் காலத்து டிஸ்க்குகள் எழுத்துகளை 4,096 பைட்டுகள் கொண்ட கட்டங்களாக வைப்பவை. கெட்டால் கட்டம் முழுவதும் போகும். பாமினியில் ஒரு விசைக்கு ஒரு பைட் என்று கொண்டால், என் கோப்பில் போனது நாலாயிரத்துச் சொச்சம் விசைகள், அதாவது அகர வரிசையில் 'கரண்டி'க்கும் 'கரை'க்கும் நடுவே முப்பத்தைந்து பதிவுகள். பெரும்பாலானவை நினைவிலிருந்து எழுதிக்கொள்ளக் கூடியவை. 'கருவேப்பிலை' போயிற்று, ஆனால் 'கறிவேப்பிலை' என்ற பதிவு தன் நியாயத்தோடு முழுமையாகக் கிடைத்துவிட்டபடியால் கவலையில்லை. போனவற்றுள் ஒன்று 'கருப்பு'.

தொல்காப்பியர் இந்த நிறத்தைச் சிவப்போடு சேர்த்துச் சினத்துக்கு உரியதாகச் சொல்லியிருப்பதை வல்லின றகரத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவருவர் ஒரு கட்சியார். கருமை, கரிய, கருங்கல், கருமேகம் என்று இடையின ரகரக் குடும்பத்தையே அழைத்துவந்து நிறுத்துவர் மறு கட்சியார். 2013 வாக்கில் இரண்டு கட்சியாரையும் தீர விசாரித்து, ஒரு முடிவுக்கு வந்து, அரைப்பக்கம் எழுதி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன முடிவு என்பது நினைவில்லை. வல்லின றகரத்தின் கீழ் 'கறுப்பு' என்ற பதிவு ஒரு பழுதுமின்றி மீண்டு வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தேன். 'கருப்பு என்பதன்கீழ்க் காண்க' என்றிருக்கிறது.

நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் கதாநாயகன் அந்த நிறத்தில் ஒரு கோட்டு அணிந்து வருகிறான். ஓரத்தில் றகரம் போட்டேன், அழித்தேன், பென்சிலால் ஒரு கேள்விக்குறியிட்டுத் தாளைக் காந்தத்தின் கீழ் வைத்திருக்கிறேன். பதிப்பகத்திலிருந்து நேற்று இரண்டாம் முறையாகப் போன் வந்தது.